பதினாறு பாதி

அன்று மாலை ஐந்து மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: ஜன்னலோர மேசையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த சீனர்கள் நாலு பேர், இரண்டு ஆண், இரண்டு பெண்; பேப்பர் படிக்கும் வெள்ளைக்காரர் ஒருவர், அவர் மனைவி; இந்தி பேசும் குடும்பத்தில் கணவன், மனைவி, கணவனின் அம்மா என்று மூன்று பேர்; மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர்; ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரட்டைப் பெண்கள் இரண்டு பேர்; சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மாள், அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருத்தி; மூலைச் சோபாவில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த பருத்த மனிதர் ஒருவர். ஆகப் பதினைந்து. மாரிச்செல்வி வெளியே போயிருந்தாலும் அவள் பை நாற்காலியில் இருந்தது. பை இருந்தால் ஆள் இருக்கிற கணக்கு. பதினாறு. வாசலில் சிலேட்டு மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற தம்பியையும், பலகார மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணையும் சண்முகத்தாய் சேர்க்கவில்லை. பரிமாறுகிறவர்களைப் பந்தியில் சேர்த்து எண்ணுகிற பழக்கம் அவளுக்கு இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. கடைசியாக அவள். அவளை எண்ணுவதா வேண்டாமா என்ற இடத்தில்தான் கணக்கு நின்றது.

மாரிச்செல்வி போய் ஆறு நிமிஷம் ஆகிறது. எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது நல்லதாகப் போயிற்று. மதியம் சாப்பிட்ட மேசையில் படிக்கிற கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்தது சண்முகத்தாயின் தப்பு, அதைத் தேடித்தான் மகள் ஒன்பது மாடி இறங்கிப் போயிருக்கிறாள். போகும்போது, "இங்கனயே இரும்மா, வந்துருதேன். யாரு என்ன கேட்டாலும் கார்டைக் காட்டு, போதும்" என்றாள். எந்தக் கார்டு என்று கேட்டதற்கு, "ஒன் கழுத்துல தொங்குதுல்லா, அதான்" என்றாள். கழுத்தில் தொங்குவது வெளிர் நீலம். மாரிச்செல்வியுடையது கறுப்பு, ஓரத்தில் தங்கக் கோடு. இந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கழுத்தையெல்லாம் சண்முகத்தாய் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டாள். கறுப்பு ஒன்பது. முழுத் தங்கம் நாலு. தூங்குகிறவருடையது சட்டைக்குள் போயிருந்தது, பணிப்பெண் கழுத்தில் எதுவும் இல்லை. நீலம் ஒன்றே ஒன்று. அதை அவள் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்தாள், பிறகு மறைத்தால் திருட்டுத்தனமாகத் தெரியுமே என்று வெளியே எடுத்துப் போட்டாள், மறுபடியும் மறைத்தாள். உள்ளே வரும்போது கதவில் பித்தளை எழுத்தில் எழுதியிருந்ததில் அவளுக்குப் படிக்க வந்தது ஒரே வார்த்தை, ஒன்லி. கோவில்பட்டி டவுன் பஸ்ஸில் லேடீஸ் ஒன்லி என்று எழுதியிருக்கும். எட்டாவது வரை படித்த இங்கிலீஷில் பஸ் ஏறி ஏறி நிலைத்தது அந்த வார்த்தைதான். ஒன்லி என்று எழுதியிருந்தால் யாரோ உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். யார் வரலாம் என்பது அதற்கு முன்னால் எழுதியிருக்கும். அது நீளமாக இருந்தது, கண்ணாடியும் இல்லை.

நாற்காலி மெத்தென்று உள்ளே வாங்கிக்கொண்டது. முதுகைச் சாய்த்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும் போலிருந்ததால் அவள் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். காலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில் இயந்திரம் ஓடுவது கம்பளம் வழியாக உள்ளங்காலுக்கு வந்தது, மாவு மில்லுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற மாதிரி. குளிர் காது மடலில் ஏறியது. சிங்கப்பூரில் கப்பல் ஏறும்போதே இந்த அறையைப் பற்றி மாரிச்செல்வி சொல்லிவிட்டாள். பெரிய ரூம் எடுக்கிறவர்களுக்கும், அடிக்கடி கப்பலில் போகிறவர்களுக்கும் மட்டும் தனியாக ஓர் இடம், அங்கே கூட்டம் இல்லை, சத்தம் இல்லை, கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். "நாம பெரிய ரூமா எடுத்திருக்கோம்?" "இல்லம்மா, ஜன்னலே இல்லாத ரூமுதான். ஆனா நான் தொண்ணூத்தி நாலு ராத்திரி கப்பல்ல படுத்திருக்கேன்." மேடம் லிம்முக்கு நர்சாக இருந்த ஒன்பது வருஷத்தில் படுத்த ராத்திரிகள் அவை. அந்த அம்மாளுக்குக் கடல்காற்றுதான் மருந்து என்று டாக்டர் சொல்ல, வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒரு தடவை மூன்று தடவை, கூடவே மாரிச்செல்வியும் போனாள், மருந்துப் பெட்டியும் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியுமாக. போன தை மாசம் அந்த அம்மாள் தவறிவிட்டார். ராத்திரிகள் மாரிச்செல்வி பெயரில் நின்றுவிட்டன. "கப்பல்காரன் ராத்திரியத்தாம்மா எண்ணுவான். கட்டில்ல படுத்தியா, கட்டிலுக்குக் கீழ படுத்தியான்னு கேக்க மாட்டான்." இது சண்முகத்தாய்க்குப் பிடித்திருந்தது. எண்ணுகிறவன் இப்படித்தான் எண்ண வேண்டும், தலை என்றால் தலை, ராத்திரி என்றால் ராத்திரி. "அப்ப எனக்கு எத்தனை?" "இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. நாளான்னைக்கு எறங்கிருவோம். ரெண்டு." "ரெண்ட வச்சுக்கிட்டு நான் எப்படி உள்ள வாரது?" "எங்கூட ஒரே ரூம்ல படுக்கேல்லா, அது போதும். கூட வாரவுகளும் வரலாம்." "அது எங்கிட்டு எழுதியிருக்கு?" "யம்மா!" என்று மகள் பல்லைக் கடித்தாள். எங்கே எழுதியிருக்கிறது என்று மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

ஐந்து எட்டுக்கு மேசைப்பெண் ஒரு வெள்ளைத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அவித்த முட்டை. நீளவாக்கில் பாதியாக அறுத்து, மஞ்சள் கருவை எடுத்து மாவாக்கி, முறுக்குப் பிழிகிற மாதிரி பூப்பூவாகத் திரும்ப அதிலேயே பிழிந்து, மேலே ஏதோ சிவப்பாகத் தூவியிருந்தது. சண்முகத்தாயின் கண் தானாக எண்ணியது. வரிசைக்கு நாலு, நாலு வரிசை. பதினாறு பாதி. எட்டு முட்டை. ஆள் பதினாறு. தட்டு சரியாக வந்திருக்கிறது, உள்ளே இருக்கிற தலையை எண்ணித்தான் வைத்திருக்கிறார்கள், அந்தச் சிலேட்டுத் தம்பி எண்ணிச் சொல்லியிருப்பான், அவன் எண்ணியதில் அவள் இல்லை. முட்டை என்றால் தலைக்கு ஒன்று. பாதி என்றால் தலைக்குப் பாதி. வேறெப்படி முட்டையை வைக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது. பதினேழாவது ஆள் கை நீட்டினால் பதினாறில் ஒருவருக்கு இல்லாமல் போகும், இதில் குழப்பமே இல்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனவே அவள் கை நீட்டப்போவதில்லை. கை நீட்டாமல் உட்கார்ந்திருந்தால் குற்றமில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பதே தப்பு என்று அந்தத் தம்பி வந்து சொன்னால்? என்ன சொல்வான், இங்கிலீஷில் சொல்வான், புரியாது, புரியாவிட்டால் கையைக் காட்டுவான், வாசல் பக்கம் காட்டுவான். சீட்டாடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எந்திரி என்பதற்கு எல்லா பாஷையிலும் ஒரே கைதான். உள்ளங்கையை மேலே பார்க்கவைத்து இரண்டு தடவை தூக்க வேண்டும். அவளும் ஒரு நாள் அப்படித்தான் தூக்கினாள். எந்திரிட்டி.

வியாழக்கிழமை அது. அப்போதெல்லாம் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை, அதுவும் வியாழக்கிழமை. ஊராட்சிப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சண்முகத்தாய் சமையலர், ராசமணி டீச்சர் அமைப்பாளர், ஆனால் முட்டைக் கணக்கு சண்முகத்தாய் கையில், ஏனென்றால் டீச்சர் எண்ணினால் நூறைத் தாண்டும்போது யாராவது வணக்கம் சொன்னால்கூட விட்டுப்போகும். அன்றைக்கு வந்திருந்த பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு. அண்டாவில் போட்டது நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூட வெடிக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் போட்டு உரித்து எடுத்து, மூன்று வரிசையாகப் பிள்ளைகளை உட்காரவைத்து, சோறு போட்டு முடித்து, முட்டை வாளியைத் தூக்கும் முன் தலையை எண்ணினாள். நூற்றுப் பதிமூன்று. மறுபடி எண்ணினாள். நூற்றுப் பதிமூன்று. மூன்றாவது வரிசையில் ஐந்தாம் வகுப்புக் குருவம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஈயத் தட்டோடு, தலையைக் குனிந்துகொண்டு மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்புக்கு அவளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஐந்து மாசம் ஆகியிருந்தது, அவள் பெயர் அந்தப் பள்ளிக்கூடத்துப் பதிவில், அங்கே அன்றைக்கு ஏதோ திருவிழாவென்று லீவு. பழைய கூட்டாளிகளோடு சேர்ந்து சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறது பிள்ளை. பதினொரு வயது. தட்டில் சோறு விழுந்திருந்தது. "பிள்ள இருந்துட்டுப் போட்டும் சம்முகத்தாயி, ஒரு முட்டைதான" என்று டீச்சர் சொன்னாள். ஆயா காளியம்மா, "பெத்த பிள்ளைக்கு இல்லாத சட்டமா ஒனக்கு, பெரிய கலெக்டரு" என்று கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பேர் இல்லாத பிள்ளைக்கு முட்டை கிடையாது டீச்சர், என் பிள்ளைன்னு குடுத்தா நாளைக்கு ஊர்ப்பிள்ளை எல்லாம் என் பிள்ளைதான். இதைச் சத்தமாகச் சொன்னாளா, மனசுக்குள் சொன்னாளா, முப்பது வருஷமாக அவளுக்கே நிச்சயமில்லை. கையைத் தூக்கியது நிச்சயம். எந்திரிட்டி. மாரிச்செல்வி அழவில்லை. சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து அடிபம்புப் பக்கம் போனாள். அப்புறம் வரிசையாக முட்டை வைத்துக்கொண்டே போனாள் சண்முகத்தாய், முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, கடைசியில் வாளிக்கடியில் ஒன்று கிடந்தது. முதல் வரிசையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, எண்ணி முடித்த பிறகு அவன் ஆத்தா வந்து கூட்டிப்போயிருக்கிறாள். அதை யாரும் சொல்லவில்லை. நோட்டில் எழுதினாள்: வந்தது 112, கொடுத்தது 111, மீதி 1.

அந்த ஒன்றைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். எழுப்பின பிறகு எப்படிக் கூப்பிடுவது. காளியம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம். அவள் சிரித்தது இவளுக்குக் கோபமாக இருந்தது. தானே தின்றிருக்கலாம், கை போகவில்லை. மூடி போட்டு வைத்தாள். மறுநாள் திறந்தபோது வாடை வந்தது, கொண்டுபோய்ப் பம்புக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது, முட்டைதான் நாறியது. மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, அன்றைக்கு ராத்திரியும் கேட்கவில்லை, நர்சிங் படிக்கப் போனபோதும், கல்யாணத்தின்போதும், சிங்கப்பூர் போனபோதும். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். கேட்காத கேள்விக்குப் பதிலை எத்தனை நாளைக்குத் தயாராக வைத்திருப்பது? மேடம் லிம்மோடு முதல் தடவை கப்பலில் போய்விட்டு வந்து போனில் பேசும்போது மாரிச்செல்வி சொன்னாள், "அந்த லவுஞ்சுல மேடம் உக்காருன்னு சொன்னாலும் நான் உக்கார மாட்டேம்மா, பின்னால நின்னுக்குவேன், எனக்கென்னமோ அதான் வசதியா இருக்கு." சண்முகத்தாய் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள். உக்காரச் சொன்னா உக்காரு பிள்ள என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. சக்கர நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற அந்தப் பணிப்பெண்ணைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இதுவே ஓடியது. நாற்பது வயதிருக்கும், கூந்தலை இறுக்கிக் கட்டி, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நிற்கிறாள். மாரிச்செல்வியும் இப்படித்தான் நின்றிருப்பாள். இந்த இடத்திலேயேகூட நின்றிருப்பாள்.

இதற்குள் தட்டு குறைய ஆரம்பித்தது. சீனர்கள் ஆட்டத்தை நிறுத்தி ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள், ஒழுங்கான பிள்ளைகள், பன்னிரண்டு. வெள்ளைக்காரரின் மனைவி ஒன்று எடுத்துக் கணவருக்கும் நீட்டினாள், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் வேண்டாமென்றார், அவளே தின்றாள், பதினொன்று. இந்திக் குடும்பம் தட்டு வரை வந்தது, மாமியார் உற்றுப் பார்த்து முகத்தைச் சுளித்தார், மூன்று பேரும் பழத்தட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கு மூன்று மிச்சம். அவள் நெஞ்சில் ஏதோ லேசாக இளகியது. அப்போதுதான் வழுக்கைத் தலைக்காரர் எழுந்து வந்து, ஒன்று, இரண்டு, மூன்று, கூசாமல் மூன்றை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு போனார். மூன்று! சண்முகத்தாய் மேசைப்பெண்ணைப் பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். வாசல் தம்பியைப் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். என்ன பந்தி இது, கேட்பாரில்லையா. எட்டு. இரட்டைப் பெண்கள் ஆளுக்கு ஒன்று, ஆறு. பணிப்பெண் வந்து ஒன்று எடுத்துப்போய்ச் சக்கர நாற்காலி அம்மாளுக்குச் சின்னக் கரண்டியால் ஊட்டினாள், ஐந்து. அவள் தனக்கு எடுக்கவில்லை. தட்டில் ஐந்து இருக்கிறது, இன்னும் வாங்காதவர்கள் யார், பேப்பர்காரர் ஒன்று, பணிப்பெண் இரண்டு, தூங்குகிறவர் மூன்று, மாரிச்செல்வி நாலு. ஐந்தில் நாலு போனால் ஒன்று. மறுபடியும் விரலை மடக்கினாள். ஒன்றுதான். யாருக்கும் சேராத ஒன்று. வாளிக்கடியில் கிடந்த ஒன்று. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி ஐந்து இருபத்தேழு. ஒரு கண்ணாடியைத் தேட இவ்வளவு நேரமா, ஒருவேளை மாரிச்செல்விக்கே கீழே ஏதும் ஆகிவிட்டதா, ஒருவேளை வாசலில் அவளைப் பிடித்துவைத்துக்கொண்டு, உள்ளே ஒரு நீலக் கார்டு உட்கார்ந்திருக்கிறதே அது யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்களா.

வாசல் தம்பி நகர்ந்தான். சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தான், குனிந்து என்னவோ கேட்டான், சிரித்தான், சிலேட்டில் விரலால் தேய்த்தான், அடுத்த மேசை. சீனர்கள். வெள்ளைக்காரர். இரட்டைப் பெண்கள். அடுத்தது அவள்தான். அவன் மூன்றடி தூரத்தில் வரும்போது சண்முகத்தாய்க்கு ஒரு யோசனை வந்தது, முப்பது வருஷமாக வராத யோசனை. அவன் எழுப்புவதற்கு முன்னால் தானாகவே எழுந்துவிட்டால் அது எழுப்பியது ஆகாது. எழுந்தாள். எழுந்த வேகத்தில் முழங்கால் மேசையில் இடித்தது, கழுத்துக் கார்டு ஆடியது, அதைப் பிடித்து அவன் பக்கம் நீட்டினாள். போயிருதேன் தம்பி, மக வந்ததும் சொல்லிருங்க, என்று தமிழிலேயே சொன்னாள். அவன் பயந்துபோய் அவள் முழங்கையைத் தாங்கினான். தலை சுற்றுகிறது என்று நினைத்திருப்பான். என்னவோ சொன்னான், மாமா, மாமா என்று கூப்பிட்டான், அவன் ஊரில் அம்மாவை அப்படிக் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. பிறகு உள்ளங்கையைக் காட்டினான். உள்ளங்கை கீழே பார்த்திருந்தது. இரண்டு தடவை மெதுவாகக் கீழே அமர்த்தினான். இரு, இரு என்கிற கை. அவள் உட்கார்ந்தாள். இந்தத் தடவை விளிம்பில் உட்கார முடியவில்லை, நாற்காலி முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டது. அவன் கார்டைத் தொடக்கூட இல்லை. மேசைக்குப் போய் ஒரு சின்னத் தட்டில் ஒரு பாதி முட்டையை வைத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, சக்கர நாற்காலிப் பக்கம் போனான். நாலு.

அதைத் தொடாமல் அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாரிச்செல்வி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"என்னம்மா, முட்டைய இப்படி மொறச்சுப் பாக்க? அது என்ன செஞ்சுது ஒன்ன?" கண்ணாடியை நீட்டினாள். "கீழ இல்ல. நம்ம ரூம்லதான் தலகாணிக்குக் கீழ வச்சிருக்க. கப்பலையே ரெண்டு சுத்து சுத்திட்டேன்."

"எம் பேரு இங்க இருக்கா?"

"எங்க?"

"அந்தத் தம்பி கையில ஒரு சிலேட்டு வச்சிருக்கான்லா. அதுல."

மாரிச்செல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் தம்பியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். இருவரும் இங்கிலீஷில் சிரித்துப் பேசினார்கள், அவனுக்கு அவளை முன்பே தெரிந்திருந்தது. அவன் சிலேட்டைத் திருப்பிக் காட்டினான். சண்முகத்தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கப்பல் ஏறும்போது பிடித்த போட்டோ, வாய் அரைகுறையாகத் திறந்து, என்ன என்று கேட்கிற மாதிரி ஒரு முகம். பக்கத்தில் இங்கிலீஷில் அவள் பெயர், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே. மேலே மாரிச்செல்வி, கீழே அவள். ஒரே ரூம் நம்பர். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்தாள்.

"ரெண்டாவது பேரு."

"ரெண்டாவது பேருதான். நேத்தே ஏத்திட்டாங்க. இவர் என்ன சொல்றாரு தெரியுமா? நான் மேடம் கூட வந்த காலத்துல ஒருநாளாவது உக்காந்து பாத்ததில்லையாம். இன்னைக்காவது உக்காருன்னு சொல்றாரு."

"அப்ப உக்காரு." சொல்லிவிட்டாள். இவ்வளவுதான், நாக்கில் கல் ஏதும் இல்லை. மாரிச்செல்வி பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தம்பி மற்ற மேசைக்குப் போனான். சண்முகத்தாய் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள், "அன்னைக்கு ஒம் பேரு இல்ல."

எந்த அன்றைக்கு என்று மகள் கேட்கவில்லை. கேட்பாள் என்று நினைத்து, வியாழக்கிழமையில் ஆரம்பித்துச் சொல்ல இவள் தயாராக இருந்தாள். மாரிச்செல்வி அம்மாவையே பார்த்தாள், பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யம்மா, அந்த முட்டையவா இன்னும் அடைகாத்துக்கிட்டு இருக்க?"

"சிரிக்காத. கடைசியில ஒண்ணு மிஞ்சுச்சு. ஒன்னக் கூப்பிட்டிருக்கலாம்."

"நான் தின்னுட்டேன்."

"எத?"

"முட்டையத்தான். குருவம்மா வாயில போடாம பாவாடையில ஒளிச்சுக் கொண்டாந்தா. பம்புக்குப் பின்னால வச்சு பாதி எனக்குக் குடுத்தா. ஒனக்குத் தெரிஞ்சா அவளயும் எந்திரிக்கச் சொல்லிருவன்னு பயந்துதான் சொல்லல."

சண்முகத்தாய் கண்ணாடியைக் கழற்றினாள். நூற்றுப் பதினொன்று கொடுத்தது. அதில் ஒன்று பாதியாகி வெளியே போயிருக்கிறது. நோட்டில் அது இல்லை. இருபத்தொன்பது வருஷத்தில் அவள் கணக்கில் வந்த ஒரே பிழை, அவள் கண்ணுக்கு முன்னாலேயே பாவாடையில் நடந்து போயிருக்கிறது. அவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. மார்புக்குள் வெகுகாலமாக ஏற்றி வைத்திருந்த ஒன்றை யாரோ ஒரு பக்கம் பிடித்து இறக்கின மாதிரி இருந்தது.

"எப்படிப் பாதியாக்குனா? கத்தி ஏது?"

"பாவாடைல தையல் பிரிஞ்சு நூலு தொங்குச்சு. அதை இழுத்துப் பிடிச்சு அறுத்தா."

"மஞ்சக்கரு சரியா வந்துச்சா ரெண்டு பக்கமும்?"

"அடப் போம்மா!" மாரிச்செல்வி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சீனர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். "வந்துச்சு. குருவம்மா கை சரியான கை. போன மாசங்கூடப் போன்ல பேசினா, இன்னும் அதச் சொல்லித்தான் சிரிப்பா."

"சோறு? தட்டுல சோறு இருந்துச்சே."

சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. மாரிச்செல்வி மேசைத்துணியின் ஓரத்தை விரலால் நீவினாள். "சோத்தக் கொட்டிட்டேன். அது ஒண்ணுதாம்மா. முட்டை இல்லாட்டிப் போகுது, சோறு போட்ட பெறகு எந்திரிக்கச் சொன்னியே. அது கொஞ்ச நாள் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பப் பசிக்குது" என்று எழுந்து போய்த் தட்டிலிருந்து ஒரு பாதியை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். மூன்று. கன்னம் புடைக்க மென்றபடி, "தின்னும்மா" என்று கையைக் காட்டினாள். சண்முகத்தாய் தன்னுடையதை எடுத்தாள். குளிர்ந்திருந்தது. மஞ்சள் கருவில் புளிப்பாக எதையோ கலந்திருந்தார்கள், நன்றாக இல்லை என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. கொஞ்ச நாள் என்பது ஒரு கணக்குத்தான், எண் இல்லாத கணக்கு, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மென்று விழுங்கினாள். சாய்ந்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. வந்ததிலிருந்து அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, இவ்வளவு தண்ணீர் இவ்வளவு நேரமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

பிறகு அவள் செய்ததை மாரிச்செல்வி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆள் முன்னால் நடக்கவே கூசுகிறவள், நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து, இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டு, நேராகப் பலகார மேசைக்குப் போனாள். சின்னத் தட்டில் ஒரு பாதியை எடுத்து வைத்துக்கொண்டு சக்கர நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். பணிப்பெண் திகைத்தாள். முதலில் தன் எஜமானியம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, தலையை ஒரு தடவை ஆட்டினார். சண்முகத்தாய் பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து இரண்டு தடவை அமர்த்தினாள். அந்தப் பெண் உட்கார்ந்து தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள், பந்தி விசாரிக்கிறவள் நிற்கிற மாதிரி. இரண்டு. திரும்பி வரும்போது மூலைச் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் மாதிரி நாலா பக்கமும் பார்த்துவிட்டு, எழுந்து நேராக முட்டைத் தட்டுக்குத்தான் வந்தார். ஒன்று எடுத்தார். இரண்டாவதுக்குக் கை போனது. சண்முகத்தாய் நின்று பார்த்தாள். அவர் என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு, அவளுக்கு ஒரு கும்பிடு மாதிரி தலையை அசைத்துவிட்டுப் போனார்.

பேப்பர்காரரை ஒரு தடவை பார்த்தாள். அவர் பேப்பரை மடித்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டாம், முதலிலேயே சொல்லிவிட்டார். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. மேசைப்பெண் தட்டை எடுக்க வந்தாள். சண்முகத்தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். வந்தது பதினாறு பாதி. போனது பதினைந்து. மீதி, அரை முட்டை.